தன் பாட்டுக்குத் தானே கை தூக்கக் கூடாது

கெயில் ஃபார்ண்டேல் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. வயதைக் குறைத்துச் சொன்னாள், எடையைக் குறைத்துச் சொன்னாள், மாமியார் சமைத்த ஈரல் வறுவலைத் தேவாமிர்தம் என்றாள். அதெல்லாம் சொன்ன அன்றைக்கே செத்துப்போன பொய்கள். ஒன்றே ஒன்று மட்டும் சாகவில்லை. நாற்பத்தைந்து வருடமாகத் தின்று கொழுத்து, இங்கிலாந்தின் ஹல் நகரம் முழுக்கக் கை வீசி நடந்துகொண்டிருந்தது. 'எட்டாம் நம்பர் வரவே இல்லை' என்ற பாட்டைப் பாடிய பெண் நான்தான் என்பது அந்தப் பொய்.

அந்தப் பாட்டு எழுபத்தொன்பதில் வந்த ஒரு சின்ன ரிக்கார்டு. 'ஈரத் தீக்குச்சி' என்று ஒரு குழு, மொத்தமே முந்நூறு பிரதி. உறை, கையால் மடித்த பழுப்புக் காகிதம். நடுவில் ஒட்டிய வட்டத்தில், பாதி உருளைக்கிழங்கைச் செதுக்கி மையில் தோய்த்துக் குத்திய எட்டு என்ற எண். யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள், ஒரு பெயரும் கிடையாது. பங்க் என்று முரட்டுப் பாட்டுப் பாடித் திரிந்த பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பெயர் போட்டுக்கொள்வதே மானக்கேடு. ஊசியை வைத்தால் இரண்டு நிமிடம் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். அதன் மேலே கிறீச்சென்று ஒரு பெண் குரல், மழையில் நின்றுகொண்டு, வராத பஸ்ஸையும் அதை அனுப்பாத நிர்வாகத்தையும் நிர்வாகத்தின் அம்மாவையும் திட்டித் தீர்க்கும். ஊரே மயங்கிப்போனது. அந்தப் பெண் யார் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடம் சிட்டி ஹாலில் ஒரு கச்சேரி. கெயிலுக்குப் பதினெட்டு வயது, கையில் டிக்கெட் இல்லை, தலைமுடிக்கு அடித்த ஆரஞ்சுச் சாயம் மழையில் கழுத்து வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவன் டிக்கெட் கேட்டான். "எட்டாம் நம்பரைப் பாடினவகிட்டயே டிக்கெட் கேக்குறியா?" என்று ஒரு போடு போட்டாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு வழி விட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை பிழைத்ததோடு நிற்கவில்லை, விடிவதற்குள் ஊரில் பெரிய ஆளாகிவிட்டது.

வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பையன் நின்றிருந்தான். "நீயா பாடினது?" என்றான். "ஆமா, ஏன், பாத்தா தெரியலயா?" என்றாள். "நல்ல பாட்டு" என்றான் அவன். "தெரியும்" என்றாள். அவன்தான் நெவில். நான்கு வருடம் கழித்து அவனையே கட்டிக்கொண்டாள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பது கெயிலுக்கு முதல் மாதத்திலேயே புரிந்தது. குரல் ஏன் அந்த மாதிரி இல்லை? அன்றைக்குத் தொண்டையில் புண். குழுவில் மற்றவர்கள் எங்கே? ஆஸ்திரேலியா. பாட்டு தொடங்குமுன் இரண்டு தரம் 'கீச், கீச்' என்று கேட்கிறதே, அது என்ன? இதுதான் ஊரைப் பிய்த்துத் தின்ற கேள்வி. எலி என்றார்கள் சிலர். பஸ் பிரேக் என்றார்கள் சிலர். கெயில் அசரவில்லை. "மைக்குக்கு ரெண்டு முத்தம் குடுத்தேன்" என்றாள். அதன் பிறகு ஹல்லில் பாட வந்த ஒவ்வொரு பெண்ணும் மைக்குக்கு இரண்டு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் பாடினாள். பாதிப் பேருக்கு ஜலதோஷம் பிடித்தது.

வருடம் தவறாமல் பிப்ரவரி முதல் சனிக்கிழமை மதியம், 'கோணல் நங்கூரம்' என்ற மதுக்கடையில் ஒரு வழக்கு நடக்கும். உலகத்திலேயே சிறந்த பங்க் பாட்டு எது? கடைக்காரி ஜாய்ஸ்தான் நீதிபதி. வாதாடுவார்கள், பாட்டைப் போடுவார்கள், கடைசியில் பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையைத் தூக்கி வாக்களிப்பார்கள். அங்கே மீற முடியாத சட்டம் ஒன்று உண்டு. தன் பாட்டுக்குத் தானே கை தூக்கக் கூடாது. தற்பெருமை பங்குக்கு ஆகாது. அதனால் கெயில் தன் அட்டையை மேஜையில் கவிழ்த்துவிட்டு, அடக்கத்தின் அவதாரமாக உட்கார்ந்திருப்பாள். எட்டாம் நம்பர் வருடா வருடம் ஒரு வாக்கு, இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தோற்கும்.

தோற்பது கூடப் பெரிதில்லை. எதிர்ப்பக்கம் தூக்கிய அட்டைகளில் ஒன்று கட்டிய புருஷனுடையது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"இந்த ஒரு வருஷம்" என்றாள் கெயில், அன்று காலை பஸ் நிறுத்தத்தில். "ஒரே ஒரு வருஷம் எனக்குப் போடு. குடி முழுகிடாது."

நெவில் தொண்டையை இரண்டு தரம் செருமினான். எதைச் சொல்வதற்கு முன்பும் அப்படித்தான், குளிரில் நின்ற பஸ் கிளம்புகிற மாதிரி. "முடியாது கெயிலு."

"ஏன் முடியாது?"

"அது சரியா வராது."

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிட்டே. பஸ்காரனைத் திட்டுற பாட்டுன்னு உனக்குக் கோபம். ஊருக்கே தெரியும். இப்ப ரிட்டயர் ஆயாச்சுல்ல? இன்னும் யாருக்குப் பயப்படுறே?"

"பயமெல்லாம் இல்ல."

"அப்ப அந்தப் பாட்டே உனக்குப் பிடிக்கலன்னு சொல்லு. சொல்லித் தொலை."

நெவில் பஸ் வருகிறதா என்று தெருக்கோடியைப் பார்த்தான். பேச்சு வளர்ந்தால் பஸ்ஸைப் பார்ப்பது அவனுடைய பழைய தந்திரம். கெயிலுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வருடம் மற்ற வருடங்கள் மாதிரி இல்லை. இது நாற்பதாவது வழக்கு, இதுவே கடைசி என்று ஜாய்ஸ் அறிவித்துவிட்டாள். நாற்பது வருடமாக இந்தச் சண்டையைக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டதாம். இன்று எது ஜெயிக்கிறதோ அந்தப் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் கடையின் வெளிச்சுவரில், தெருவைப் பார்க்க, ஓரடி உயர எழுத்தில் வரைந்துவிடுவாள். அதோடு எல்லாரும் வாயை மூட வேண்டும்.

சுவரில் கெயில் ஃபார்ண்டேல் என்று தன் பெயர். நினைத்தபோதே அவளுக்கு ஜிலுஜிலுவென்று இருந்தது, அதே மூச்சில் பயமாகவும் இருந்தது. வாயால் சொன்ன பொய்யைக் காற்று கொண்டுபோகும். சுவரில் எழுதிய பொய்யை நாலு பேர் நின்று படிப்பார்கள். எழுபது வயதில் நிஜப் பாடகி எங்கிருந்தாவது கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றால்? ஆனாலும் ஆசை யாரை விட்டது. பெயர் சுவரில் வர வேண்டும் என்றுதான் அவள் மனம் அடித்துக்கொண்டது.

கடையில் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். தோல் ஜாக்கெட் போட வயிறு இடம் தராதவர்கள் அதைத் தோளில் தொங்கவிட்டிருந்தார்கள். கெயிலின் நாற்காலி காலியாகக் காத்திருந்தது. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மேலே சுவரில் ஆரஞ்சு முடியோடு அவளுடைய பழைய படம். நெவில் மூலையில் ஒரு தட்டுச் சிப்ஸோடு ஒதுங்கினான்.

எதிர்க்கட்சி வக்கீல் கிளைவ். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தேழில் காதில் குத்திய ஊக்கு இன்னும் அங்கேயே இருந்தது. இப்போது அதற்குத் துணையாகக் காது கேட்கும் கருவியும் வந்து சேர்ந்திருந்தது. அவருடைய கட்சி, லண்டன் குழு ஒன்றின் 'பல்செட்டைக் கழட்டு'. போன வருடமும் அதுதான் ஜெயித்தது.

"கேளுங்க" என்று எழுந்தார் கிளைவ். "கிட்டாரில விரல் வைக்க மூணே பிடி. ஒன்றரை நிமிஷம். கேக்குறவன்ல ஒருத்தனுக்காவது மனசு புண்படணும். பங்க்னா இவ்வளவுதான். 'பல்செட்டைக் கழட்டு' வந்த அன்னிக்கு எங்கப்பா ரேடியோவைத் தூக்கி ஜன்னல் வழியா வீசினார். ஜன்னல் மூடியிருந்துச்சு."

"உங்கப்பா வானிலை அறிக்கைக்கே ரேடியோவை வீசுவாரே" என்றது ஒரு குரல்.

"மூணு பிடின்னு பீத்திக்கிறியா?" என்று எழுந்தாள் கெயில். "எட்டாம் நம்பர்ல ரெண்டே பிடி. மூணாவது கத்துக்குறதுக்குள்ள கோபம் வந்துருச்சு. அதான்யா பங்க்! லண்டன்காரனுக்கு என்ன கோபம்? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ரயில் அவனுக்கு. இருபது வயசு, வாய் நிறையச் சொந்தப் பல்லு, பல்செட்டைப் பத்திப் பாடுறான்!"

"அம்மா தாயே, பல்செட்டுங்கிறது ஒரு குறியீடு. ஆளும் வர்க்கத்தோட பொய்யான சிரிப்பை..."

"யோவ் வாத்தியாரே, பல்செட்டுனா பல்செட்டு. என்னுது ராத்திரி டம்ளர்ல கிடக்குது, அது எந்த வர்க்கம்?"

கடை அதிர்ந்தது. ஜாய்ஸ் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். "கண்ணுகளா, கத்தாதீங்க. பாட்டைப் போடுங்க. எனக்கு அடுப்புல பட்டாணி இருக்கு."

மற்ற வருடங்களில் பாட்டைக் கடையில் இருந்த, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் போடுவார்கள். அது சின்ன ரிக்கார்டு மட்டும் பாடுகிற பெட்டி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அதன் உயிர் பிரிந்துவிட்டதால், கிளைவ் தன் வீட்டு ரிக்கார்டு பிளேயரைச் சுமந்துகொண்டு வந்திருந்தார். அவருடைய சின்ன ரிக்கார்டும் உடைந்து போனதாம். 'பல்செட்டைக் கழட்டு' பாட்டைப் பெரிய தட்டு ஒன்றிலிருந்து போட்டார். ஒன்றரை நிமிடம் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு பேர் துள்ளப் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பிறகு கிளைவ் எட்டாம் நம்பரை உறையிலிருந்து எடுத்தார், ஊதினார், வைத்தார். பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுச் சுற்றும், சின்னது நாற்பத்தைந்து. இடையில் ஒரு பொத்தானைத் தள்ள வேண்டும். நாற்பது வருடமாக உலகத்துக்கே பங்க் பாடம் எடுத்த மனிதர் அந்தப் பொத்தானை மறந்துபோனார்.

கிட்டார் புறப்பட்டது. ஆலங்கட்டி இல்லை. கனமாக, நிதானமாக, சோர்ந்து போனவன் கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. கெயில் தன் நாற்காலியில் நிமிர்ந்தாள். பிறகு அந்தக் 'கீச், கீச்' வர வேண்டிய இடம் வந்தது. கீச் வரவில்லை.

யாரோ இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்கள்.

"மழை பெய்யுது, நான் நிக்கிறேன்" என்று பாடத் தொடங்கியது ஓர் இளைஞனின் குரல். அவ்வளவுதான், ஒரு வரி. மூலையில் சிப்ஸ் தட்டு கவிழ்ந்தது. இடுப்பு வலி என்று மூன்று வருடமாகக் குனியாத நெவில், இரண்டு மேஜையைத் தாண்டிப் பாய்ந்து பொத்தானைத் தள்ளினான்.

"வேகத்தை மாத்துய்யா!" என்று இரைந்தான். "ரிக்கார்டு போடத் தெரியல, வந்துட்டே பெரிசா."

தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியது. கீச், கீச். பெண் குரல் திட்டத் தொடங்கியது. கடை முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. "வாத்தியாரே, இதுக்கும் நீங்க ஃபெயிலு" என்றார்கள். கிளைவ் காது கருவியைத் தட்டிக்கொண்டே, "ஏதோ ஞாபகம், ஏதோ ஞாபகம்" என்றார். தப்பான வேகத்தில் எந்தப் பாட்டும் கட்டைக் குரலில்தான் கேட்கும். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கெயிலுக்குச் சந்தேகமே இல்லை. நாற்பத்தொரு வருடமாக ஒவ்வொரு காலையும் பல் துலக்குமுன், டீ கேட்குமுன், குடை எங்கே என்று கேட்குமுன் அவள் கேட்கிற செருமல் அது. அந்தக் குரலும் அதுதான், வயது மட்டும் பத்தொன்பது. தட்டு முப்பத்து மூன்றில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. இத்தனை வருடமாக ஊர் மொத்தமும் அதை விரட்டி விரட்டிக் கேட்டிருக்கிறது. விரட்டிய விரட்டில் ஓர் ஆண்பிள்ளை பெண்ணாகிவிட்டான். அந்த இல்லாத பெண்ணின் இடத்தில் இவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சிட்டி ஹால் வாசலில் பின்னால் நின்றது யார் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. நிஜப் பாடகனிடமே நிமிர்ந்து நின்று, நான்தான் பாடினேன் என்று சொல்லியிருக்கிறாள். நல்ல பாட்டு என்று அவன் சொன்னதற்கு, தெரியும் என்று வேறு பதில் சொல்லியிருக்கிறாள். கெயிலுக்குக் காதுமடல் சுட்டது. மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

பாட்டு முடிந்தது. "சரி, அட்டையைத் தூக்குங்க" என்றாள் ஜாய்ஸ். "பல்செட்டுக்கு யாரெல்லாம்?"

அட்டைகள் எழுந்தன. மூலையில் நெவிலின் அட்டையும் எழுந்தது, வழக்கம்போல, யார் முகத்தையும் பார்க்காமல்.

நாற்பது வருடமாக அந்தக் கையைப் பார்த்துத்தான் அவள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். தன் பாட்டுக்குத் தானே கை தூக்கக் கூடாது. இந்தக் கடையில் அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே மனிதன் அவன்தான். அட்டையைக் கவிழ்த்து வைத்திருக்கலாம், ஆனால் பாடியவர்தான் கவிழ்த்து வைப்பார். ஊருக்குத் தெரிந்துவிடும், பெண்டாட்டி மானம் போய்விடும். அதனால் எதிரியின் பாட்டுக்குத் தூக்கினான், அதற்காக வருடா வருடம் வாங்கியும் கட்டிக்கொண்டான். இந்த மனுஷனையா பஸ்காரப் புத்தி என்று திட்டினோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏழு" என்றாள் ஜாய்ஸ். "எட்டாம் நம்பருக்கு?"

இந்தப் பக்கம் அட்டைகள் எழுந்தன. ஜாய்ஸ் விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். "இதுவும் ஏழு. சமம். சமம் வந்தா போன வருஷம் ஜெயிச்சதுதான் நிக்கும், அது பழைய தீர்ப்பு. கிளைவு, பெயிண்டை எடுத்துட்டு வா. பல்செட்டுக்கு எத்தனை எழுத்து?"

கிளைவ் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கெயில் தன்முன் கவிழ்ந்து கிடந்த அட்டையைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். நாற்காலி இருக்கும், படம் இருக்கும், தெருவில் பெண்பிள்ளைகள் வந்து கை குலுக்குவார்கள், செத்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் பெரிதாகப் போடுவார்கள். எட்டாம் நம்பர் மட்டும் கடைசித் தரமாகத் தோற்கும், தோற்றபடியே இருக்கும்.

அவள் அட்டையை எடுத்து உயரத் தூக்கினாள்.

"எட்டாம் நம்பருக்கு" என்றாள்.

"கண்ணு, உன் பாட்டுக்கு நீ தூக்கக் கூடாது."

"என் பாட்டுன்னா தூக்கக் கூடாது."

ஜாய்ஸுக்குப் புரியவில்லை. யாருக்குமே புரியவில்லை. மூலையிலிருந்து நெவில், "கெயிலு, உக்காரு" என்றான். செருமாமல் சொன்னான். கெயில் உட்காரவில்லை.

"நான் பாடல" என்றாள். "எனக்குப் பாடவே வராது. அன்னிக்கு டிக்கெட் வாங்காம உள்ள போகணும்னு அளந்து விட்டேன். அப்புறம் எறங்க வழி தெரியல. தொண்டைப் புண்ணு பொய், ஆஸ்திரேலியா பொய்..."

"ஆஸ்திரேலியா நிஜம்" என்றான் நெவில், தன்னை மறந்து. "டிரம்ஸ் அடிச்ச ராய்ஸ்டன் அங்கதான் போனான்."

பட்டாணியைக் கிளறப் போன ஜாய்ஸ் பாதியில் நின்றாள்.

"மைக்குக்கு முத்தம்?" என்று ஈனசுரத்தில் கேட்டாள் ஜாய்ஸ்.

"அதுவும் பொய்தான்."

"அடிப்பாவி! எழுபது வயசாகப்போகுது, இன்னும் மைக்கைப் பாத்தா முத்தம் குடுத்துட்டிருக்கேன்!"

"சரி, அப்ப யாருதான் பாடினது?" என்று எழுந்தார் கிளைவ்.

"அதோ, சிப்ஸை இறைச்சுட்டு, பாலைக் குடிச்ச பூனை மாதிரி முழிக்கிறானே, அவன்."

பதினான்கு தலைகள் மூலைக்குத் திரும்பின. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "நெவிலா? பஸ் ஓட்டினவன் பஸ்ஸைத் திட்டிப் பாடினானா?" கெயில் ரிக்கார்டு பிளேயரைக் காட்டினாள். "கொஞ்சம் முன்ன மெதுவா ஓடினப்ப செருமினது யாருன்னு நெனைக்கிறீங்க?" என்றாள். சிரிப்பு ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. நெவிலின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்ததை அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"தட்டு செய்ய அனுப்புற படிவத்துல ரெண்டு கட்டம் இருந்துச்சு" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "பெரிய ஆளுங்க தட்டெல்லாம் முப்பத்திமூணுன்னு தெரியும். நாமளும் பெரிய ஆளா இருப்போம்னு அதுல குறி போட்டுட்டேன். மொத மொத யூத் கிளப்புல தப்பு வேகத்துல போட்டாங்க. சொல்லத்தான் எழுந்தேன். அதுக்குள்ள கூட்டம் ஆடின ஆட்டத்துல ரெண்டு நாற்காலி ஒடைஞ்சுது. சரின்னு உக்காந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றாள் கெயில். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வரிசையில சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அவ்வளவு ஜோரா நின்னே. சொன்னா நீ என்னை விட்டு ஓடிருவியோன்னு தோணிச்சு. அப்புறம்..." நெவில் தலையைச் சொறிந்தான். "அப்புறம் நீ சொல்லச் சொல்ல, நீதான் பாடியிருப்பியோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

ஜாய்ஸ்தான் முதலில் மூக்கை உறிஞ்சினாள், பட்டாணி அடிப்பிடிக்கிறது என்று சாக்கு சொன்னாள். பிறகு எண்ணிக்கையைத் திருத்தினாள். எட்டு, ஏழு. எட்டாம் நம்பர் ஜெயித்தது.

"ஆட்சேபணை!" கிளைவ் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "நாம ஓட்டுப் போட்டது நாப்பத்தஞ்சு வேகப் பாட்டுக்கு. அதைப் பாடின பொண்ணே உலகத்துல இல்ல. முப்பத்திமூணு வேகத்துல இருக்கிறது வேற பாட்டு. அது தனியா மனுப் போடணும். மெதுவா போற பாட்டு பங்க்கே இல்ல!"

"யாரு சொன்னது? பங்க்குக்கு முக்கியம் வேகமா, கோபமா?" என்று பாய்ந்தது ஒரு மேஜை.

"கோபத்தை நிதானமாப் பாடினாத்தான்யா பயம் வரும்" என்றது இன்னொன்று.

"சுவத்துல எந்த வேகத்தை எழுதுறது?" என்று பிரஷ்ஷோடு அலறினாள் ஜாய்ஸ். நாற்பது வருடச் சண்டை முடிகிற நாளில் அடுத்த நாற்பதுக்கான சண்டை பிறந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கோப்பையை மேஜையில் குத்தினார்கள். கெயில் பொய் சொன்னாள் என்பதையே பாதிப் பேர் மறந்துபோனார்கள்.

அவள் கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு ரிக்கார்டு பிளேயரிடம் போனாள். பொத்தானில் கை வைத்தாள்.

"வாயை மூடுங்கடா எல்லாரும்" என்றாள். "நாப்பத்தஞ்சு வருஷமா எம் புருஷன் பாட்டை எனக்கு ஓட ஓட வெரட்டிக் காட்டியிருக்கீங்க. இன்னிக்கு அது நடந்து வரட்டும். நான் கேக்கணும்."

பொத்தானைத் தள்ளி, ஊசியை மறுபடி தொடக்கத்தில் வைத்துவிட்டு, நெவில் இருந்த மூலைக்குப் போய், சிதறிக் கிடந்த சிப்ஸை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மழையில் நின்று, வராத பஸ்ஸுக்காக, கடை முழுவதும் வாயடைத்துக் கேட்கப் பாடினான். கோபமாகத்தான் பாடினான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், அந்த வயதில் எல்லாரும் யாரோ ஒருவருக்காக நிற்பது போன்ற ஒரு தவிப்பு இருந்தது. வேகத்தில் அது யார் காதிலும் விழுந்ததில்லை.

கடைசி வரி முடிந்து ஊசி கரகரவென்று உரசியது. நெவில் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குரல் சுமார்தான்" என்றாள் கெயில், கையை விடாமல்.